எண்ணெய் டின்னை நசுக்கிய காத்து

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. வெளியே ஆடிக் காத்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது, என் குரல் அந்த மூலைக்கு எட்டாது. ஒரு எண்ணெய் டின் தானாக நசுங்கின கதையைச் சொல்லப் போகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். ஆவது எல்லாம் டின்னுக்குத்தான். முடியும்போது சிரித்துக்கொண்டு எழுந்து போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

கெலவரப்பள்ளி அணைக்கு மேற்கே, கால்வாயை ஒட்டி முனிவேலுக்கு ஒரு கிணறும் ஒரு ஏக்கர் நிலமும் இருக்கின்றன. நிலம் முழுக்கச் சாமந்தி. வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனிகளின் நீலக் கூரை. காலையில் ஷிப்டு பஸ்கள் நாலு வரிசையாகப் போகிற சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் மனைவி பூவம்மாள் அடுப்பு பற்றவைப்பாள். அவர்களுக்கு ஒரே பெண், ஜெயப்ரியா. ஏழாம் வகுப்பு.

கதைக்குள் போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் காத்து என்கிற சொல்லுக்கு வேலை அதிகம். சைக்கிள் டியூபுக்கு அடிப்பதும் காத்து, ஆடி மாதத்தில் சாமந்திச் செடியைப் படுக்க வைப்பதும் காத்து. மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் காத்து புடிச்சிகிச்சு என்பார்கள். ஒரு பிள்ளை திடீரென்று தனக்குத் தானே பேசினால், ராத்திரியில் வீறிட்டால், அதற்கும் காத்து பட்டுடுச்சு என்பார்கள். எந்தக் காத்து என்பதைச் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வீரலட்சுமி டீச்சருக்குத் தெரியாது. அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் கந்தனுக்கு ஓசூரில் பஸ்களுக்குக் கண்ணாடி பொருத்துகிற கம்பெனியில் வேலை. அவரோடு வந்தவள், இந்த ஊர்ப் பள்ளியில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அறிவியல் பாடத்தை அவள் புத்தகத்தில் தொடங்க மாட்டாள். கூடையில் தொடங்குவாள். கூடைக்குள் பலூன் இருக்கும், உறிஞ்சுகுழல் இருக்கும், டம்ளர், அட்டை, ஊசி போடுகிற சிரிஞ்சு, மண்ணெண்ணெய் ஸ்டவ், எல்லாம் இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வராந்தாவில் வருகிற சத்தம் கேட்டாலே ஏழாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

காத்தழுத்தம் நடத்திய திங்கட்கிழமை ஒரு காலி டப்பாவை எடுத்துக் காட்டி, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். முன்பெஞ்சுப் பிள்ளைகள் ஒன்றும் இல்லை என்றார்கள். நடுபெஞ்சு காலி என்றது. சன்னலோரப் பெஞ்சு காளி என்றது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை என்பதும் தப்பு, காலி என்பதும் தப்பு, காளியாத்தா எங்கேயிருந்து டப்பாவுக்குள் வந்தாள் என்று கேட்டாள்.

நடுபெஞ்சு ஹரீஷ்குமார் எழுந்தான். அவர்கள் வீட்டில் தெலுங்கு.

"டீச்சர், காலின்னா காத்து டீச்சர். எங்கூட்ல அப்பிடித்தான் சொல்லுவோம்."

"அப்ப காளி?"

"அதுவும் காத்துதான். அவுங்க கன்னடம்."

டீச்சர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏலே, போன வாரம் நோட்டுல காலின்னு எழுதுன அத்தன பேருக்கும் நான் தப்பு போட்டுட்டேனே. நீங்கள்லாம் சரியாத்தானல எழுதிருக்கீக."

அங்கேயே நோட்டுகளை வாங்கி, சிவப்பு மையில் போட்ட தப்புகளை எல்லாம் சரியாகத் திருத்தினாள். சன்னலோரத்தில் ஒருவன் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தான். அவனுக்கும் சேர்த்து ஒரு சரி கிடைத்தது.

அப்புறம் வேடிக்கைகள். டம்ளர் நிறைய தண்ணீர் ஊற்றி, வாயில் அட்டையை வைத்து, ஹரீஷ்குமார் தலைக்கு மேல் கவிழ்த்தாள். தண்ணீர் விழவில்லை. கீழே இருந்து காத்து அட்டையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். தட்டுத் தண்ணீரில் மெழுகுவத்தியை ஏற்றி அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்தாள், தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. கடைசியாக டின். டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயைத் திறந்து வைத்துக் கொதிக்க விட்டாள். ஆவி புஸ்ஸென்று வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, இறக்கின பிறகுதான் மூடினாள். ஜெயப்ரியாவைக் கூப்பிட்டு மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். டின் மடமடவென்று நசுங்கியது. ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிட்டது, உள்ளே தள்ளுவதற்கு ஆள் இல்லை, வெளிக்காத்து அமுக்கிவிட்டது என்றாள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதை வீட்டில் செய்யக் கூடாது என்று மூன்று தடவை சொல்லவும் செய்தாள்.

ஜெயப்ரியா சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். அன்று சாயங்காலம் வீட்டில் பெரியவர் இருந்தார். அங்கேதான் வினை.

அந்தப் பெரியவர் ரங்கம்மா, முனிவேலின் அக்கா. அஞ்செட்டியைத் தாண்டி மலைமேல் ஒரு காட்டூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆடிக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போது ஐந்து லிட்டர் டின்னில், மலையில் விளைகிற பேயெள்ளில் ஆட்டின எண்ணெய் கொண்டுவந்தாள். எண்ணெயை ஜாடிக்கு மாற்றியாயிற்று. டின்னைச் சீயக்காய் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள், ஊருக்குத் திரும்ப எடுத்துப்போக.

ரங்கம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். பெண் விறகடுப்பில் டின்னை வைத்து ஏதோ செய்வது தெரிந்தது. வெந்நீர் போடுகிறாள் என்று நினைத்தாள். ஜெயப்ரியா துணி பிடித்து டின்னை இறக்கினாள், மூடியைத் திருகினாள், ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். டொக்கென்றது. மறுபடி டொக்கென்றது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் இடுப்பைப் பிடித்துப் பிழிகிற மாதிரி டின் ஒடுங்கி, முறுகி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ரங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாருடி அத நசுக்குனது?"

"நான் தொடவே இல்ல அத்த. காத்துதான்."

"என்னா காத்து?"

"எப்பவும் நம்மளச் சுத்திகினே இருக்குது இல்ல, அது. கண்ணுக்குத் தெரியாது. உள்ள ஆள் இல்லைன்னா வந்து அமுக்கிடும்."

"இத யாரு உனக்குச் சொன்னது?"

"எங்க டீச்சரு. அவுங்க கூப்பிட்டா டெய்லி வருது."

கடைசி வார்த்தையைப் பெண் விளையாட்டாகச் சொன்னாள். ரங்கம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நசுங்கின டின்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குக் காட்ட ஓடிவிட்டாள்.

ரங்கம்மாவை நீங்கள் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஆறு வயதில் மூன்று நாள் ஜுரம் வந்து, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே போய்விட்டது. அன்று மழையில் மலைக்குப் பஸ் ஏறவில்லை. காத்து பட்டுப் போச்சு என்று ஊர் சொன்னது. அவளும் அதையே சொல்லிக்கொண்டாள். பஸ் வராததைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது லேசாக இருந்திருக்கும். அதனால் அந்தச் சொல்லை அவளால் விளையாட்டாகக் கேட்க முடியாது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முனிவேலின் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. ஓடுகிறது, இரைகிறது, குழாயில் இருமல்போல நாலு சொட்டு வருகிறது, நின்றுவிடுகிறது. அடியில் இருக்கிற புட்வால்வைக் கழற்றித் துடைத்தான். சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றிப் பார்த்தான். சாமந்தி மொட்டு வைக்கிற நேரம். இலைகள் மதியத்தில் தொங்க ஆரம்பித்துவிட்டன. காத்து புடிச்சிகிச்சு, காத்து புடிச்சிகிச்சு என்று அவன் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதை அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று களி சாப்பிடும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்தாள். மோட்டாருக்குக் காத்து, டின்னுக்குக் காத்து, அடுத்து யாருக்கு என்று கேட்டாள். மோட்டாருக்குப் பிடித்தது வேற காத்து என்று முனிவேல் சொல்லிப் பார்த்தான்.

"காத்துல என்னாடா வேற காத்து? எனக்குத் தெரியாத காத்தா?"

 ரங்கம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். பெண் இனி அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏற வேண்டாம். தன் ஊரில் காத்து பார்க்கிற கரியப்பனை வரவழைத்துப் பார்க்க வேண்டும். காத்துதான் என்று அவர் சொல்லிவிட்டால், அன்று மதியம் இரண்டரை பஸ்ஸுக்கே ஜெயப்ரியாவைத் தன்னோடு மலைக்கு அழைத்துப் போய்விடுவாள். படிப்பு போதும். உயிரோடு கண்முன்னால் இருந்தால் போதும்.

பூவம்மாள் களிக்கட்டையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். நாத்தனார் சாப்பிட்டு எழுந்த பிறகு, புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எம்பொண்ண நிறுத்த வேணாங்க. மலமேல அதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு எத்தினி தூரம் நடக்கணும் தெரியுமா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பெஞ்சில் இடம் காலி. புதன் சாயங்காலம் வீரலட்சுமி டீச்சரே வீட்டுக்கு வந்தாள். பூவம்மாள் பாய் போட்டு, காபி கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். டீச்சருக்கு இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. விளக்கிச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்து, ரங்கம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நல்ல மனசோடுதான் பேசினாள். ஆனால் கேளுங்கள், என்ன பேசினாள் என்று.

"பயப்படாதீகம்மா. காத்து ஒண்ணும் புதுசா வரல. இப்பவும் உங்க தலமேல உக்காந்துதான் இருக்கு."

ரங்கம்மாவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"ஒரு ஆள் மேல எம்புட்டுப் பாரம் தெரியுமா? ஒரு லாரி லோடு."

பூவம்மாளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அத்தனை பாரம் இருந்தால் நாம் ஏன் நசுங்கவில்லை என்று கேட்டாள்.

"நமக்கு உள்ளயும் காத்து இருக்குல்லா? அது உள்ள இருந்து தள்ளுது. உங்களுக்குள்ள, எனக்குள்ள, இந்தப் பிள்ளைக்குள்ள, எல்லாத்துக்குள்ளயும் இருக்கு."

ரங்கம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பூவம்மாள் மட்டும் யோசனையாக இருந்தாள். குக்கர் ஆறிப்போனால் சில நாள் மூடி வரவே மாட்டேன் என்கிறது, மேலே இருக்கிற குண்டைத் தூக்கினால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து உடனே வந்துவிடுகிறது, அது என்ன என்று கேட்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதேதான், உள்ளே காத்து போனதும் மூடி விட்டுவிடுகிறது, இரண்டு மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றாள். ஜெயப்ரியா அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

உள்ளே ரங்கம்மா போனில் கரியப்பனிடம் பேசிக்கொண்டிருந்தாள். பொண்ணுக்கு மட்டுமில்லை, அந்த டீச்சருக்கும் முற்றிப்போயிருக்கிறது, காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள் என்றாள்.

வியாழக்கிழமை காலை கரியப்பன் வந்து இறங்கினார். கறுப்பும் சிவப்புமாக மிரட்டுகிற ஆள் என்று நினைக்காதீர்கள். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, காதில் கேட்கும் மெஷின். மாடு மேய்க்கிறவர். யாராவது கூப்பிட்டால் திருஷ்டி கழிக்கவும், காத்து பார்க்கவும் வருவார். கை நீட்டி எதுவும் வாங்க மாட்டார், ஒரு வேளை சோறு போதும். பூவம்மாள் கொடுத்த களியையும் கீரைக்குழம்பையும் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கட்டி வாங்கிக்கொண்டார். கதவோரத்தில் ஜெயப்ரியாவின் துணிப்பை தயாராக இருந்தது. அதில் அவள் அறிவியல் நோட்டை வைத்தாள். ரங்கம்மா எடுத்து வெளியே வைத்தாள். அவள் மறுபடி உள்ளே வைத்தாள்.

கரியப்பன் பெண்ணைப் பலகையில் உட்கார வைத்தார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தார். தண்ணீர் ரத்தச் சிவப்பானது. நடுவில் ஒரு சின்ன அகலை வைத்து, எண்ணெய்த் திரியைப் பற்றவைத்துத் தாம்பாளத்தோடு அவளை மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு கீழே வைத்து, ஒரு பித்தளைச் செம்பை எரிகிற திரிமேல் கவிழ்த்தார்.  குடகுடவென்று செம்பு சத்தம் போட்டது. தாம்பாளத்துச் சிவப்புத் தண்ணீர் மெல்ல மெல்லச் செம்புக்குள் ஏறி மறைந்தது.

"பாத்தியாம்மா ரங்கம்மா," என்றார் கரியப்பன். "இழுத்துகிச்சு."

ரங்கம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அப்போது ஜெயப்ரியா சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கிற்று.

"சிரிக்குது பாருங்க, சிரிக்குது பாருங்க," என்றாள் ரங்கம்மா. 

"இல்ல அத்த. இது எங்க டீச்சர் செஞ்சது. அவுங்க மெழுகுவத்தி வெச்சு டம்ளர் கவுத்தாங்க. தாத்தா செம்பு கவுத்தாரு. இது இழுக்கல தாத்தா. தள்ளுது."

கரியப்பன் காது மெஷினைச் சரிசெய்துகொண்டார்.

"என்னா சொன்ன மகளே?"

"திரி எரியறப்ப உள்ள காத்து சூடாகி உப்பிக்கும். திரி அணைஞ்சா ஆறிச் சுருங்கிடும். அப்ப உள்ள தள்ள ஆள் பத்தாது. வெளிய இருக்கற காத்து தண்ணியப் புடிச்சு உள்ள தள்ளிடும்."

"அப்ப உன்னச் சுத்தாத வெச்சாலும் ஏறுமா?"

"ஏறும் தாத்தா."

"ஆளே இல்லாத ஊட்ல வெச்சா?"

"அப்பவும் ஏறும்."

முனிவேல் கையைப் பிசைந்தான், பெரியவரிடம் பெண் எதிர்த்துப் பேசுகிறதே என்று. கரியப்பன் கோபப்படவில்லை. செம்பை விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் பேசினார், யாரிடம் என்று இல்லாமல்.

"எனுக்கு அப்ப இருவது வயசு. மாட்டுக் கொட்டாயில தனியா இருந்தேன். சும்மா ஒரு தபா வெச்சுப் பாத்தேன். யாரையும் சுத்தல. ஏறிடுச்சு. பயந்துபூட்டேன் தாயி. கொட்டாயில என்னுமோ இருக்குதுன்னு அன்னியில இருந்து அங்க படுக்கறதில்ல. நாப்பது வருசமாச்சு. யாருகிட்டயும் சொல்லல."

 ஜெயப்ரியா பலகையிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொட்டாயில் ஒன்றும் இல்லை தாத்தா, காத்துதான் இருந்தது என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரியப்பன்தான் முதலில் சிரித்தார்.

ரங்கம்மா விடுகிறவள் இல்லை. செம்பு எப்படியோ போகட்டும், மோட்டாருக்கு என்ன சொல்கிறீர்கள், நாலு நாளாகத் தண்ணீர் எடுக்கவில்லையே, அதையும் பிள்ளை வாயால் ஊதிவிடுமா என்றாள். சாம்பிராணி போட்டுப் பார்த்துவிடலாம் என்று கரியப்பன் எழுந்தார். அது நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் கிணற்றுக்குப் போனார்கள்.

மும்முனைக் கரெண்டு அப்போதுதான் வந்திருந்தது. கிணற்றுக்குள் ஏழெட்டுப் படி இறங்கினால் கல்மேடை. அதன்மேல் மோட்டார், அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாய். மேலே ஆடிக் காத்து சாமந்தியைப் புரட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மேடையில் இலை அசையவில்லை. முனிவேல் குழாயில் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டான். அது பழையபடி இருமிற்று. கரியப்பன் தூபக்காலை மோட்டாரைச் சுற்றிக் காட்டினார். சாம்பிராணிப் புகை கெட்டியாக, நேராக மேலே எழுந்தது. குழாயின் வளைவுக்கு வந்ததும் அப்படி எழவில்லை. ஒரு நூல்போல மெலிந்து, பக்கவாட்டில் வளைந்து, குழாய்க்கு அடிப்பக்கம் போய்க் காணாமல் போனது.

முதலில் பார்த்தவள் ஜெயப்ரியா.

"அப்பா, புகை உள்ள போவுது பாருப்பா."

முனிவேல் குனிந்தான். கரியப்பனும் குனிந்தார். தூபக்காலைத் தள்ளிப் பிடித்தால் புகை நேரே எழுந்தது. கிட்டே கொண்டுவந்தால் வளைந்து உள்ளே போயிற்று. முனிவேல் விரலால் வளைவின் அடியைத் தடவினான். மயிர் அளவுக்கு ஒரு கீறல், ஒட்டு போட்ட இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். அதன்மேல் கட்டைவிரலை அழுத்தினான். இருமல் நின்றது. குழாய் ஒரு தடவை விம்மிற்று. மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"காத்து இங்கதான்டா முனிவேலு இருக்குது," என்றார் கரியப்பன், ரொம்பத் திருப்தியாக. "நாலு நாளா இதுவழியாத்தான் பூந்துகினு இருந்திருக்குது."

யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். புகை அவருடையது, கண் அவளுடையது.

முனிவேல் விரலை எடுக்க மாட்டேன் என்று அப்படியே உட்கார்ந்திருந்தான். எடுத்தால் தண்ணீர் போய்விடும் என்று பயம். பூவம்மாள்தான் ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்துக் கொண்டுவந்து சுற்றிக் கட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி முதல் பாத்திக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் ரங்கம்மா வாய் திறந்தாள்.

"அப்ப இவளுக்கு?"

கரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் வயித்துல பொறந்தது போனதுல இருந்து உனக்குத்தான் பயம் புடிச்சிருக்குது. அதுக்கு எங்கிட்ட மந்திரம் இல்ல. இந்தப் புள்ளைய எந்தப் பஸ்லயும் நான் ஏத்த மாட்டேன். அது படிக்கட்டும். எனுக்கு இப்ப அந்த டீச்சரப் பாக்கணும்."

ரங்கம்மா கிணற்றுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயப்ரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அழுதாள். சத்தம் போடவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் இருந்தது, அதுவே போதும்.

இரண்டரை மணிப் பஸ் அவர்கள் இல்லாமல் போனது. அந்த நேரத்தில் எல்லோரும் ஏழாம் வகுப்பில் இருந்தார்கள். தாம்பாளத்தையும் செம்பையும் கரியப்பன் கையோடு எடுத்துவந்திருந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவை செய்துகாட்டினார். யாரையும் சுற்றவில்லை, வெறும் மேசையைச் சுற்றினார், பழக்கம். செம்பு குடகுடத்ததும் வகுப்பே கைதட்டியது. தன்னுடைய மெழுகுவத்தியைவிட இது எவ்வளவோ மேல், சத்தமும் வருகிறது என்று வீரலட்சுமி டீச்சர் அதை நோட்டில் வரைந்துகொண்டாள். காலி, காளி விஷயத்தை ஹரீஷ்குமார் சொன்னபோது கரியப்பன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கடைசியாக டீச்சர் கூடையிலிருந்து இரண்டு ரப்பர் கிண்ணங்களை எடுத்தாள். கந்தன் வேலை செய்கிற இடத்தில் பெரிய கண்ணாடிகளைத் தூக்குவதற்கு வைத்திருப்பவை, பின்னால் கைப்பிடி இருக்கும். பழசாகிக் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இரண்டின் வாயையும் சேர்த்து வைத்து அழுத்தி, நடுவில் இருந்த காத்தை வெளியேற்றினாள். இதைப் பிரிக்கிறவர்கள் பிரிக்கலாம் என்றாள். ஹரீஷ்குமாரும் இன்னொருவனும் இழுத்துப் பார்த்தார்கள். பெஞ்சுக்கு இரண்டு பேராக இழுத்தார்கள். வரவில்லை.

கதவோரம் நின்றிருந்த ரங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். மலைமேல் மாட்டைப் பிடித்துக் கட்டுகிற கை அது. ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் கரியப்பன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. அவள் காலை உதைத்து இழுத்தாள், அவர் பெஞ்சில் முட்டுக்கொடுத்து இழுத்தார். காது மெஷின் கழன்று தொங்கியது. கிண்ணங்கள் அசையவில்லை. ஒட்டவில்லை, பசை இல்லை, சங்கிலி இல்லை, எது பிடித்துக்கொண்டிருக்கிறது இதை என்று ரங்கம்மா மூச்சு வாங்கினாள்.

ஜெயப்ரியா எழுந்து வந்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு ரப்பர் வாய்க்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்தாள். உஸ்ஸென்றது. அத்தை இந்தப் பக்கம் பிள்ளைகள்மேல் விழுந்தாள், கரியப்பன் அந்தப் பக்கம் கரும்பலகையோடு சாய்ந்தார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

ரங்கம்மா முடியை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "காத்து போயிடுச்சாடி?"

"போவல அத்த. உள்ள வந்துடுச்சு. அதான் உட்டுடுச்சு."

ரங்கம்மா அந்தக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூவம்மாள் சன்னலுக்கு வெளியே நின்று, குக்கர் மாதிரியே இருக்குது இல்ல, குக்கர் மாதிரியே இருக்குது இல்ல என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ரங்கம்மாவும் கரியப்பனும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஜெயப்ரியாவின் துணிப்பை ஆணியில் தொங்கியது. அவள் யூனிபாரம் போட்டுக்கொண்டு வந்து வழியனுப்பினாள். நசுங்கின எண்ணெய் டின்னை ரங்கம்மா வேண்டுமென்று கேட்டு வாங்கி மடியில் வைத்திருந்தாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர், டின்னை இப்படி யாரம்மா நசுக்கினது என்று கேட்டாராம்.

"காத்துதான்," என்றாளாம் ரங்கம்மா. "உந்தலமேலயும் ஒரு லாரி லோடு உக்காந்துகினு இருக்குது. டிக்கெட்டக் குடு."

கரியப்பன் அன்று வீட்டுக்குப் போய்ப் பாயை எடுத்துக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு அப்புறம் மாட்டுக் கொட்டாயில் படுத்துத் தூங்கினார். நல்ல தூக்கம் என்று போனில் சொன்னார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும்போது இதையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு மோட்டார் காத்து பிடிக்காமல் தண்ணீர் இறைக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பை ஆணியில் தொங்கட்டும், அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். பயந்து மூடிக்கிடக்கிற மனசுக்கு ஒரு நகத்தளவு வழி கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் காலி என்று ஒரு பாத்திரமும் இல்லாமல் இருக்கட்டும். இருந்தாலும் கவலை வேண்டாம். அதற்குள்ளும் இருக்கிறது, இப்போது உங்களுக்குத் தெரியுமே.